மூங்கில் தோப்பில் பின்னுகிறவருக்கும் பங்கு வேண்டும்

ஓசூர் வட்டாரத்தில் மூங்கில் என்றதும் பேச்சு டன் கணக்குக்குப் போய்விடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வூர் குரோமோர் பயோடெக் நிறுவனம் பால்கூவா இனத்திலிருந்து தேர்ந்து, திசு வளர்ப்பு முறையில் பெருக்கிய பீமா மூங்கில் எரிபொருளுக்கும் காகிதக் கூழுக்கும் ஏற்றது; முள் இல்லாதது, சுவர் தடித்தது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கியது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் இதே வட்டாரத்தில் கூடை, முறம், தட்டி பின்னுகிறவர்களின் வேலையைக் கவனித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எடையை மட்டும் பார்த்து வளர்க்கும் தோப்பு அவர்களுக்குப் பயன்படுவதில்லை. அவர்களையும் கணக்கில் எடுத்து வளர்க்கும் தோப்போ எல்லோருக்கும் பயன்படும்.

பின்னுகிறவர் முதலில் பார்ப்பது கழியின் வயதை. மூங்கில் முளைக்கும்போதே அதன் முழுப் பருமனோடு வெளிவருகிறது. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. அதன்பின் அது பருப்பதில்லை, முற்றுகிறது. ஓரிரு ஆண்டுக் கழி பச்சையாக, வளைந்து கொடுக்கும். அதைத்தான் கூடைக்குப் பிளக்கிறார்கள். மூன்று ஆண்டைத் தாண்டியது ஏணிக்கும் பந்தல் காலுக்கும் போகும். அடுத்துப் பார்ப்பது கணுவுக்குக் கணு உள்ள இடைவெளி. அது நீளமாக இருந்தால்தான் பத்தை முறியாமல் பிளக்கும். தோலோடு சேர்ந்த வெளிப்பக்கம் உறுதியானது, உட்பக்கம் மென்மையானது. எதை எங்கே போட்டால் கூடை தாங்கும் என்பது கத்தி பிடித்த கைக்குத் தெரியும். இது பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த அறிவு.

இந்த அறிவோடு நட்டால் சாகுபடி முறையும் தெளிவாகிறது. தண்ணீர் தேங்காத நிலத்தில் இரண்டடிக் குழி, 15 அடி இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 190 கன்றுகள். தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் நட்டு, முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகளில் வெட்டத் தொடங்கலாம். குத்தை மொத்தமாகச் சாய்க்காமல், வயது பார்த்து வெட்ட வேண்டும். தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் மிச்சக் கட்டையில் தண்ணீர் நிற்காது. முளை கிளம்பும் மழைக்காலத்தில் வெட்டக் கூடாது. மழை ஓய்ந்தபின், கழியில் மாவுச்சத்து குறைந்திருக்கும் மாதங்களில் வெட்டினால் வண்டு துளைப்பதும் குறையும். ஆண்டுதோறும் கழி எடுக்காத குத்து நெருக்கமாகி, உள்ளே கை நுழையாமல் போகும். ஓரிரு இளங்கழிகளை அளவாக எடுத்து, மற்றவற்றை முற்ற விடுவது குத்துக்கும் நல்லது, பின்னுகிறவருக்கும் நல்லது.

பிளாஸ்டிக் வந்தபின் கூடை யாருக்கு வேண்டும் என்று கேட்பார்கள். தக்காளி மண்டியில் பிளாஸ்டிக் பெட்டி வென்றது உண்மை. அடுக்க வசதி, கழுவ வசதி. அந்தச் சந்தை திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது பட்டு வளர்ப்பு நிலம். மத்திய பட்டு வளர்ப்பு மரபுவள மையம் ஓசூரில்தான் இருக்கிறது. புழு கூடு கட்டும் சந்திரிகை, மூங்கில் பாயின் மேல் சுருளாகப் பட்டை வைத்துப் பின்னப்படுவது. காற்றோட்டம் அதன் பலம். ஈரம் தங்கினால் கூட்டின் தரம் கெடும். பிளாஸ்டிக் சந்திரிகை மடக்கி வைக்கவும் கிருமி நீக்கவும் எளிது என்பதை மறுக்க முடியாது. மூங்கிலைச் சுத்தம் செய்யக் கூடுதல் உழைப்பு வேண்டும். அதற்காகக் காற்றோட்டமும் உள்ளூர்க் கூலியும் தரும் ஒரு பொருளைக் கைவிட வேண்டியதில்லை.

இன்னொரு வாதம், கூடைக்கு எத்தனை கழி செலவாகும், அதை நம்பித் தோப்பு நட முடியுமா என்பது. அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே குத்தில் இளங்கழி பின்னலுக்கும், முற்றியது கட்டுமானத்துக்கும், கழிவு கொதிகலனுக்கும் போகலாம். ஒரு கழிக்கு அதிகக் கைவேலை சேர்ந்து விலை கூடுவது பின்னலில்தான். காட்டை நம்பு என்றும் பின்னுகிறவர்களிடம் சொல்ல முடியாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகளின் மூங்கில் யானையின் உணவு. 2014இல் அங்கே காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆகவே நிலம் இல்லாத இவர்களுக்குப் பட்டா நிலத் தோப்பிலிருந்துதான் கழி வர வேண்டும். மூங்கில் நட மானியம் தரும் திட்டங்கள், ஆண்டுதோறும் இளங்கழியில் ஒரு பங்கை உள்ளூர்ப் பின்னுகிறவர்களுக்கு நியாய விலையில் தர வேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். எந்த இனம் நடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்திலும் அவர்களுக்கு இடம் இருக்கட்டும்.