கரையில் நின்றவர்கள்

மனம் இருந்தால் போதும், தொண்டர் ஆம்புலன்ஸ் தானாக ஓடும் என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் ஊரின் கதை அப்படிச் சொல்லவில்லை. 1909இல் அங்கே ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கிப்போனார்கள். கரையில் ஆள் இல்லாமல் இல்லை. காப்பாற்றத்தான் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜூலியன் ஸ்டான்லி வைஸ், வளர்ந்து ரயில்வே வேலைக்குப் போன பிறகு, 1928இல் சகாக்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மீட்புக் குழு தொடங்கினார். அந்நாட்டில் தனித்து இயங்கிய முதல் தொண்டர் மீட்புக் குழு அதுதான் என்பார்கள். இரக்கத்துக்கு 1909லேயே குறைவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது பயிற்சி.

சம்பளம் வாங்காதவரிடம் உயிரை ஒப்படைக்கலாமா என்று கேட்பார்கள். சம்பளம் வாங்கியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்க்கலாம். 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்துச் சாவுகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார் என்றது அது. காரணம் எளியது: ஆளை நீட்டிப் படுக்கவைக்கத் தோதான வண்டி, ஊரில் அமரர் ஊர்தி ஒன்றுதான். பிழைத்தாலும் கூலி, பிழைக்காவிட்டாலும் கூலி! வண்டிக்குள் குனிந்து நிமிரவே இடமிருக்காது. மூச்சு நின்றவருக்கு உள்ளே என்ன சிகிச்சை செய்ய முடியும்? ஆக, கூலிக்கும் திறமைக்கும் முடிச்சுப் போட இங்கே இடமில்லை.

தொண்டர்கள் இருப்பதால் அரசு கைகழுவிவிடும் என்பதுதான் கனமான ஆட்சேபம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அரசே வந்து பொறுப்பேற்றாலும் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டின் பிட்ஸ்பர்க் நகரம் சாட்சி: அங்கே 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு மருத்துவர் பீட்டர் சஃபாரின் பாடத்திட்டப்படி சுமார் 300 மணி நேரப் பயிற்சி, கூடவே சம்பளம். அதுவரை அங்கே நோயாளியை அள்ளிப்போட்டுக்கொண்டு போனது போலீஸ் வேன். 1975இல் நகராட்சி சொந்தச் சேவை தொடங்கி இதை மூடியது. பழைய ஆட்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அரசு பொறுப்பேற்றது சரி, ஏற்ற விதம் சரியல்ல. ஆனாலும் தொண்டே போதும் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. ரோனோக் அன்று ரயில்வே ஊர். வேலையும் வீடும் அங்கேயே, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தது. இன்றைய அமெரிக்கக் கிராமத்தில் பயிற்சி பெற்ற தொண்டர் காலையிலேயே வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். பகல் பதினொரு மணிக்கு யாருக்காவது நெஞ்சு வலித்தால், கொட்டகையில் வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை.