சிடி பிளேயரும் ஒரு வீட்டுப் பஞ்சாயத்தும்

போன தீபாவளிக்கு எனக்கு நானே ஒரு பரிசு வாங்கிக்கிட்டேன். மியூசிக் ஸ்ட்ரீமர். உள்ளங்கை அளவுல ஒரு கறுப்பு டப்பா. ஒரு பக்கம் வைஃபை, இன்னொரு பக்கம் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர், அவ்வளவுதான். செல்போன்ல பாட்டைத் தேடி அழுத்தினா ஹால்ல இருக்குற ஸ்பீக்கர்ல பாடும். ஆணி புடுங்கிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்ற ஆளுக்கு இதைவிட சொர்க்கம் வேற இல்லை.

வந்த அன்னிக்கே தங்கமணி ஒரு உத்தரவு போட்டாங்க. "டிவிக்குக் கீழ ஒரு டப்பாதான் இருக்கணும். ஒண்ணு இது, இல்ல அது. ரெண்டையும் தூசி தட்ட என்னால முடியாது." 'அது'ன்னு அவங்க கை காட்டினது எங்க பழைய சிடி பிளேயர். 2003-ல டவுன்ஹால் ரோட்டுல வாங்கினது. நல்ல கனம். கொஞ்ச நாளாவே தட்டை உள்ள வாங்கிட்டு, ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, 'டிஸ்க் இல்லை'ன்னு துப்பிக்கிட்டு இருந்துச்சு. நானும் பெருசா வாதாடலை. பரண்ல ஏத்தியாச்சு. கூடவே அப்பாவோட சிடிப் பெட்டியும் போச்சு. பழைய அரிசிப் பையில கட்டி வச்சது, சுமார் எழுபது எண்பது தட்டு இருக்கும்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. அவர் எதுக்குமே ஒண்ணும் சொல்ல மாட்டார்.

இப்ப சத்தத்தைப் பத்திக் கொஞ்சம் பேசிடுறேன். ஏன்னா எந்தக் கூட்டத்துல இந்தப் பேச்சை எடுத்தாலும் "சிடி மாதிரி வராது சார்"னு ஒருத்தர் கிளம்பி வருவார். சிடின்னா 16 பிட், நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதின எண்கள். 1982-ல சோனி முதல் பிளேயரைக் கடைக்குக் கொண்டு வந்த நாள்ல இருந்து இதேதான். மனுசக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், அதுவும் சின்ன வயசுல. அதுக்கு ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல அளந்தா போதும்ங்கிறது கணக்கு. இன்னிக்கு ஸ்ட்ரீமிங்லயும் இழப்பில்லாத வடிவம் இருக்கு. ஆப்பிள் மியூசிக் 2021-லயே கொடுத்துடுச்சு. அதே எண்கள் அதே வரிசையில வந்தா, தட்டுல இருந்து வந்துச்சா கம்பியில இருந்து வந்துச்சான்னு ஸ்பீக்கருக்குத் தெரியாது. எனக்கும் தெரியலை. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பார்த்தேன், பாதிக்குப் பாதி தப்பாச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்குதான் வந்திருக்கும்!

எங்க அப்பா விஷயத்துல இந்த ஆராய்ச்சிக்கே வேலை இல்லை. முப்பது வருசம் நூல் மில்லுல ஸ்பின்னிங் பக்கம் நின்ன காது அது. அந்தக் காலத்துல காதுல பஞ்சு வச்சுக்கிட்டாலே பெரிய விஷயம். அங்க வேலை பார்த்தவங்க எல்லாருமே கத்தித்தான் பேசுவாய்ங்க, வீட்டுலயும். அவருக்கு மேல்ஸ்தாயியில பாதி போயிருச்சு. அதனால வால்யூம் எப்பவும் முக்காலுக்கு மேல. ஷிப்ட்டுக்கு எந்திரிச்ச பழக்கம் ரிட்டயர் ஆகியும் விடலை. காலைல அஞ்சு மணிக்கு டி.எம்.எஸ். முருகன் பாட்டு, ஆரப்பாளையத்துல எங்க தெருவுக்கே கேக்கும். டி.எம்.எஸ். மதுரைக்காரர்ங்கிறதுல அவருக்கு ஒரு தனிப் பெருமை. ஏதோ பக்கத்து வீட்டுல குடியிருந்த மாதிரி பேசுவார்.

சரி, மேட்டருக்கு வருவோம். பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா என்னை நிறுத்தி, "ஏந்தம்பி, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க.

"நல்லாத்தானே இருக்கார். ஏங்க்கா?"

"இல்ல, காலைல பாட்டுச் சத்தமே காணோம். ரெண்டு மாசம் ஆச்சு. கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன்."

எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. வீட்டுக்குள்ளயே இருக்குற எனக்குத் தெரியலை. காலைல கொஞ்சம் சேத்துத் தூங்க முடியுதேன்னு சந்தோசமா இருந்திருக்கேன், அவ்வளவுதான். தீபாவளியில இருந்து பொங்கல் வரைக்கும் ஒரு மனுசன் பாட்டே கேக்காம இருந்திருக்கார்.

உள்ள போய் கேட்டேன். "ஏம்ப்பா பாட்டுப் போடுறதில்ல?"

"அதான் புதுசு வாங்கியிருக்கியேப்பா. அதுல கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

"கேட்டீங்களா?"

"செல்லு என் ரேகையை எடுக்க மாட்டேங்குது."

அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அவருக்கு ரேஷன் கடையிலயே ரேகை விழாது. முப்பது வருசம் அறுந்த நூலை முடிஞ்சு முடிஞ்சு விரல் நுனியெல்லாம் வழவழன்னு தேஞ்சு போனது. அவருக்குன்னு வாங்கிக் கொடுத்த செல்போனுக்கு நான்தான் 'பாதுகாப்பா இருக்கட்டும்'னு பூட்டு போட்டேன். பின் நம்பர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு சட்டைப் பையில துவைக்கப் போயிருச்சு. இதைக் கேக்குறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு ரெண்டு மாசம் சும்மா இருந்திருக்கார்.

பூட்டை எடுத்துவிட்டு ஒரு வாரம் டியூசன் எடுத்தேன். முதல் பாட்டு வரைக்கும் வந்துட்டார். ஆனா அது முடிஞ்சதும் அந்த சர்வீஸ் தானா 'உங்களுக்குப் பிடிக்கும்'னு ஒண்ணைப் பிடிச்சுப் போடும் பாருங்க... விடியக்காலை அஞ்சே காலுக்கு முருகன் பாட்டுக்குப் பின்னாடி குத்துப்பாட்டு அலறுச்சு. நிறுத்தத் தெரியாம அவர் பிளக்கைப் பிடுங்கிட்டார். அந்த ஆட்டோபிளேயை நிறுத்தி வைக்கலாம்தான், வச்சேன். அடுத்த வாரம் தெருவைத் தோண்டினாங்க, கேபிள் போச்சு, மூணு நாள் நெட் இல்லை. அப்ப என் ஸ்ட்ரீமர் வெறும் பேப்பர் வெயிட்.

தங்கச்சி போன்ல, "கார்வான் வாங்கிக் கொடுண்ணே"ன்னா. நல்ல யோசனைதான். சரிகம 2017-ல கொண்டு வந்த அந்த ரேடியோ மாதிரிப் பெட்டி, 5,000 பாட்டு உள்ளேயே இருக்கும், நெட் வேண்டாம், பெரிய பட்டன். அவ மாமனார் வீட்டுல அதுதான் ஓடுது. அப்பாகிட்டக் கேட்டேன். "அதுல என் திருவாசகம் இருக்குமா?"ன்னார்.

அவர் சொன்னது இளையராஜாவோட 'திருவாசகம் இன் சிம்பொனி'. 2005 ஜூன் 30-ல வெளியானது. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வச்சுப் பண்ணினது. ஆறே பாட்டு. மில்லு ஆளு சிம்பொனி கேக்குறாரான்னு அப்ப நான் சிரிச்சிருக்கேன். ஆனா ஆரப்பாளையத்துக்காரனுக்கு மாணிக்கவாசகர் யாரோ எவரோ கிடையாது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயில் கட்டச் செலவழிச்சிட்டு பாண்டியன்கிட்ட மாட்டினது, வைகையில வெள்ளம் வந்தது, வந்திக் கிழவிக்காக சிவன் கூலியாளா வந்து புட்டு வாங்கித் தின்னுட்டு மண் சுமக்காம ஆடிப்பாடித் தூங்கி பிரம்படி பட்டது, எல்லாம் நடந்ததா சொல்ற புட்டுத்தோப்பு எங்க ஏரியாதானே. ஆவணி மூலத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் இங்க வருவாங்க. திருவாதவூர்ல இருந்து மாணிக்கவாசகரும் வருவார். அந்த வருசம் புட்டுத் திருவிழாவுக்கு முன்னாடி அப்பா போய் இந்த சிடியை வாங்கிட்டு வந்தார். அதுல இருந்து வருசாவருசம் அன்னிக்குக் காலைல முதல் பாட்டுல இருந்து ஆறாவது வரைக்கும், ஒண்ணுகூட மாத்தாம, ஓடியே ஆகணும். ராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கம் போற தேனி, கம்பம் பஸ்ஸும் எங்க ஸ்டாண்டுல இருந்துதான் கிளம்புதுன்னு அதையும் சேத்துக்குவார். மனுசன் எல்லாரையும் ஆரப்பாளையத்துல கொண்டு வந்து சேத்துடுவார் :)

இந்த இடத்துலதான் நானும் கொஞ்சம் யோசிக்க ஆரம்பிச்சேன். ஸ்ட்ரீமிங்ல இருக்குற பாட்டு நம்மளுதா? திங்கானான்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஆபீஸ்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நாள்பூரா ராஜா பாட்டு கேப்போம். 2014-ல மூடிட்டாங்க. கூகுள் பிளே மியூசிக் 2020-ல போச்சு. ரெஸ்ஸோ இந்தியாவுல 2024 ஜனவரி 31-ஓட கடையைச் சாத்துச்சு, அதே வருசம் விங்க் மியூசிக்கை மூடப் போறதா ஏர்டெல் சொல்லிருச்சு. ஒவ்வொண்ணுலயும் நான் மணிக்கணக்கா உக்காந்து பாட்டு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன். கடை இருந்தாலும் சரக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. 2019 பிப்ரவரியில ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்துச்சு. ரெண்டே மாசத்துல சரிகம டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய், அவங்க பாட்டெல்லாம் இறங்கிருச்சு. சரிகமன்னா யாரு? பழைய எச்.எம்.வி. அதாவது எம்.எஸ்.வி., டி.எம்.எஸ்., சுசீலா காலத்துப் பாட்டுல பெரும்பங்கு. 2020 மே மாசம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்துச்சு. 2023-ல ஜீ மியூசிக்கோட இதே கதை. அவங்க சண்டையில நியாயம் எந்தப் பக்கம்ங்கிறது வேற. நடுவுல ஒரு வருசம் பாட்டைக் காணோம்ல? அரிசிப் பையில இருக்குற தட்டை எந்தக் கோர்ட்டும் வந்து தூக்காது.

அதுக்காக சிடி சாகாவரம் வாங்கி வந்ததுன்னும் சொல்ல வரலை. பையைப் பிரிச்சுப் பார்த்தேன். கடையில பதிஞ்சு கொடுத்த தட்டுங்க (ஸ்கெட்ச் பேனாவுல '150 பாட்டு'ன்னு எழுதியிருக்குமே, அதுங்க) பாதிக்கு மேல படிக்கவே இல்லை. அதுல பாட்டு ஒரு சாயத்துலதான் பதிஞ்சிருக்கும், வெயில் பட்டா வெளுத்துடும். கம்பெனித் தட்டு அப்படி இல்லை, பிளாஸ்டிக்ல அச்சுக் குத்தினது, நல்லா இருக்கு. இன்னொரு சமாச்சாரம். எல்லாரும் அடிப்பக்கம் கீறல் விழாம பாத்துக்குவோம். உண்மையில எழுத்து அச்சடிச்ச மேல்பக்கம்தான் ஆபத்து. அலுமினியப் பூச்சு அந்தப் பக்கம்தான் மெல்லிசா ஒரு வார்னிஷுக்குக் கீழ இருக்கு. அடியில சின்னக் கீறல்னா பிளேயரே கணக்குப் போட்டு நிரப்பிக்கும், மேல உரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. துடைக்கிறப்ப நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா இழுங்க, வட்டமாத் தேய்க்காதீங்க. பாட்டு வட்டத்துலதான் ஓடுது, அதே திசையில நீளமாக் கீறல் விழுந்தா நிரப்புற கணக்கு தோத்துடும்.

பிளேயரைப் பரண்ல இருந்து இறக்கி ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்டக் கொண்டு போனேன். மிக்சி, கிரைண்டர் பார்ப்பார், ஒரு காலத்துல டெக் ஸ்பெஷலிஸ்ட். திறந்து பார்த்துச் சிரிச்சார். "பஸ் ஸ்டாண்டு தூசி பூரா உள்ளதான் இருக்கு தம்பி." லென்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சார். கொஞ்சம் பாடிட்டு மறுபடி நின்னுடுச்சு. லேசர் களைச்சுப் போச்சாம். "213 நம்பர் பிக்கப்தான், இன்னும் கிடைக்குது. தட்டை இழுக்குற ரப்பர் பெல்ட்டும் தொங்கிப் போச்சு, ரெண்டையும் மாத்திடுறேன். ஆனா அடுத்த தடவை கிடைக்குமான்னு கேக்காத." எல்லாம் சேத்து 650 ரூபாய். ஸ்ட்ரீமர் விலையோட ஒப்பிட்டா டீச்செலவு.

நான் செஞ்ச இன்னொரு வேலை, நல்லா இருக்குற தட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினது. என் லேப்டாப்புல சிடி போடுற ஓட்டையே கிடையாது, யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு கடன் வாங்கினேன். ஃபிளாக் வடிவத்துல ஒரு தட்டுக்கு சுமாரா 300 எம்பி. மொத்தமும் ஒரு பென் டிரைவ்ல அடங்கிடுச்சு. ஸ்ட்ரீமர் அதையும் பாடுது. "அப்ப எதுக்கு இந்தப் பெட்டி?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத் தேவையே இல்லைதான்.

காலைல அஞ்சு மணிக்கு அப்பா இருட்டுல பையைத் துழாவுவார். கண்புரை ஆபரேசன் பண்ணின கண்ணு, எழுத்தைப் படிக்கிறதில்லை. மூடி உடைஞ்சது டி.எம்.எஸ்., ரப்பர் பேண்ட் போட்டது சீர்காழி, மூலையில மஞ்சள் ஒட்டினது திருவாசகம். விரலாலேயே கண்டுபிடிச்சுடுவார். ரேகை எடுக்காத அதே விரல்தான். தட்டைப் போட்டு ஒரு பட்டன். முடிஞ்சதும் அதுவா நிக்கும். யாருகிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்.

தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "தூசி நீங்கதான் தட்டணும்"னாங்க. பஞ்சாயத்து முடிஞ்சது.

பிளேயர் வந்த மறுநாள் எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிச்சுக்கிட்டே தலையை ஆட்டினாங்க. உள்ள வால்யூம் முக்காலுக்கு மேல. மூணாவது பாட்டுல ஒரு இடத்துல தட்டு லேசா விக்குச்சு, புது லேசர் போட்டும். எந்திரிச்சுப் போய் துடைக்கலாம்னு கையை நீட்டினேன்.

"அதை விடுப்பா, அந்த இடத்துல எப்பவும் விக்கும்"னார் அப்பா. நான் போய் மறுபடி படுத்தேன். தூக்கம்தான் வரலை.