லயன் சுவரில் ஒட்டும் அட்டை

நோர்வூட் கடைத்தெருவில் உள்ள அந்த அச்சுக்கடைக்கு வரும் வேலை பெரும்பாலும் மரண அறிவித்தல், திருவிழா பேனர், கல்யாணக் காட். தோட்டத்துப் பழம்பொருள் கண்காட்சி ஒன்றுக்குச் சுவர் விளக்க அட்டைகள் அங்கே தயாராவதாகக் கேள்விப்பட்டு, பார்க்கப் போனேன்.

கணினியில் இருந்த தம்பிக்கு எழுத்துருதான் முதல் தலைவலி. பாமினியில் தட்டிய உரையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கங்காணியும் கவ்வாத்துக் கத்தியும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யுனிகோடுக்கு மாற்றி முடித்ததும் இடப் பிரச்சினை. ஒரே அட்டையில் மூன்று மொழி. தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிக இடம் வேண்டும்.

"சேர், தமிழ மட்டும் ரெண்டு பொயின்ட் குறைச்சா அடங்கிரும்."

இந்த நாட்டுப் பெயர்ப்பலகைகளில் தமிழ் சிறுத்துப்போனது இப்படித்தான். நல்லவேளை, ஏற்பாட்டாளர் அட்டையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டார். கொழும்பில் 2019இல் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியிலும் விளக்கம் வைக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

வெட்டுவது தம்பியின் அக்கா. 5 மில்லிமீற்றர் ஃபோம் அட்டையில் ஸ்டிக்கரை ஒட்டி, பழைய வங்கி அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். பிறகு இரும்பு அடிமட்டம் வைத்து, அழுத்தாமல் மூன்று இழுப்பு: மேல்தாளுக்கு ஒன்று, நுரைக்கு ஒன்று, அடித்தாளுக்கு ஒன்று. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் ஓரம் நாய் கடித்ததுபோல் ஆகிவிடும். சில அட்டைகளுக்கு ஒருமுறை கத்தி நுனியை உடைத்துப் போட்டார். முன்பு கொழுந்து பறித்தவராம். அந்தக் கைப்பழக்கமா என்று கேட்டேன். "அது வேற, இது வேற சேர்" என்று சிரித்தார்.

கண்காட்சி நடந்த இடம் ஒரு பழைய லயன், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடு. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் லயனில்தான் இருக்கிறது, பொருத்தமான இடம். ஆனால் அட்டை ஒட்டுகிறவருக்குச் சோதனை. ஆடி மழை ஈரத்தில் இரட்டைப்பக்க டேப் சுண்ணாம்புத் தோலோடு கழன்று விழும். அதனால் மெல்லிய மரச்சட்டங்களைச் சுவரில் அறைந்து, நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் ஒட்டினார்கள். அட்டையின் நடு தரையிலிருந்து 54 அங்குலத்தில் இருக்கலாம் என்கிறது ஸ்மித்சோனியன் வழிகாட்டி. பார்க்க வரும் பாட்டிமாரை நினைத்து இங்கே 48க்கு இறக்கினார்கள். சரியான முடிவு.

'துண்டு' பற்றிய அட்டை இப்படி இருந்தது: "தொழிலாளியின் கடன் தொகை எழுதிய சீட்டு. அதை அடைக்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் மாறலாம். 1921இல் ஒழிக்கப்பட்டது." ஒட்டும்போது பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், "கடன் குடுத்த கங்காணி எங்க?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. அந்த அட்டையை மறுபடி அடித்தார்கள்.

கண்காட்சி வைக்கிறவர்களே, உரையை அச்சுக்குக் கொடுக்குமுன் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். திரும்ப அடிக்கும் செலவும் மிச்சமாகும்.