இருபத்தி மூணு கிராம்

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன். எழுதினா என் முட்டாள்தனம் ஊருக்கே தெரியும். எழுதலேன்னா நெஞ்சுக்குள்ளேயே உக்காந்து அரிச்சுக்கிட்டு இருக்கும். சரி, தெரிஞ்சா தெரியட்டும்.

நான் இங்கிலாந்துல தென்கோடியில, கடலுக்குப் பக்கமா ஒரு ஊர்ல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கறதும், சனி ஞாயிறானா வில்லைத் தூக்கிக்கிட்டு மைதானத்துக்கு ஓடறதும் ரெகுலரா இங்க வர்றவங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு: நான் விடறது பழைய பாணி ஆங்கில நெடுவில். கப்பியும் கம்பியுமா இருக்கற நவீன வில் இல்ல. ஒரு மரம், ஒரு நாண், அவ்ளோதான். குறி பார்க்கற கருவிகூட கிடையாது. வீட்டுக்காரம்மா பாஷையில சொன்னா, "ஆறடிக் கம்புக்கு இம்புட்டு காசா?"

நாலு வருஷம் 40 பவுண்டு வில் வெச்சிருந்தேன். (40 பவுண்டுன்னா வில்லோட எடை இல்லீங்க. நாணை முழுசா இழுத்துப் பிடிக்கத் தேவைப்படற விசை. வில்லோட எடை ஒரு கிலோகூட வராது.) அப்புறம் நம்ம பெரியவர் ஒருத்தர், பேர் வேண்டாம், வயசு 78, தன்னோட வில்லை எனக்குக் குடுத்தார். அவரே செதுக்கினது. யூ மரம். 28 அங்குலம் இழுத்தா 70 பவுண்டு. முனை ரெண்டுலயும் மாட்டுக்கொம்புல குதை. தோள்பட்டையில ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் அவரால அதை இழுக்க முடியல. விலைக்குக் குடுக்கல, சும்மாவும் குடுக்கல. "நீ வெச்சு விடு. சும்மா தொங்கினா வில் செத்துரும்"னார். இங்கிலீஷ்ல நீ, நீங்க எல்லாம் கிடையாது. ஆனா அவர் பேசினா எனக்குத் தம்பின்னு கூப்பிடற மாதிரியேதான் கேக்கும்.

கூடவே ஒண்ணு சொன்னார். "உன்னோட பழைய அம்பை இதுல போடாதே. குளிர்காலத்துல உக்காந்து புதுசா செய்யலாம். அதுவரைக்கும் சும்மா இழுத்து மெதுவா திரும்ப விட்டுப் பழகு."

அப்ப அக்டோபர். குளிர்காலம் வரைக்கும் யாருங்க காத்திருக்கறது?

ஆனாலும் நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யல. கணக்குப் பார்த்தேன். என்னோட பழைய அம்பு பைன் மரம், 5/16 அங்குல தடிமன். சமையலறைத் தராசுல வெச்சா 23 கிராம். வில்லாளிகள் அம்பை நிறுக்கறது கிரெய்ன் கணக்குல. நம்ம ஊர்ல தங்கத்தைக் குன்றிமணி, மஞ்சாடின்னு நிறுத்த மாதிரி, இவங்க ஒரு தானிய மணியிலேர்ந்து பிடிச்ச அளவு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். ஆக 23 கிராம்னா சுமார் 355 கிரெய்ன். 70 பவுண்டு வில்லுக்கு, பவுண்டுக்கு 5 கிரெய்ன். இணையத்துல தேடினா "பவுண்டுக்கு 5 கிரெய்னுக்குக் குறையக் கூடாது"ன்னு போட்டிருந்தது. நமக்கு 5 இருக்கே! அப்புறம் என்ன?

அந்த 5 கப்பி வெச்ச நவீன வில்லுக்குச் சொன்னது. மர வில்லுக்கு 8-லேர்ந்து 10 வரைக்கும் வேணும். அதே பக்கத்துல அடுத்த பத்தியில எழுதியிருந்தது. வேணுங்கற வரி கிடைச்சதும் படிக்கறதை நிறுத்திட்டேன். நம்ம ஆளுங்க ஜாதகம் பார்க்கற மாதிரி.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, மைதானத்துல ஈ காக்கா இல்லாத நேரமாப் பார்த்துப் போனேன். இங்க 180 கஜத்துல ஒரு கொடியை நட்டு, அதைச் சுத்தி அம்பு விழற மாதிரி விடற ஒரு பழைய ஆட்டம் உண்டு. என் 40 பவுண்டு வில்லுக்கு அந்தக் கொடி எப்பவும் எட்டாக்கனி. பெரியவரோட வில்லை எடுத்து முதல் அம்பை விட்டேன் பாருங்க! கொடியைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்காம என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் "டங்"குன்னு ஒரு சத்தம், இடது கை முழங்கை வரைக்கும் ஒரு உதறல். பெரிய வில்லுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். பாதி அம்பு வலது பக்கமா ஒதுங்கிப் போச்சு. காத்துன்னு நெனச்சேன். அன்னிக்குக் காத்தே இல்ல.

முப்பது முப்பத்தஞ்சு அம்பு இருக்கும். அப்புறம் ஒரு "படக்". விறகு முறியற மாதிரி பெரிய சத்தம் இல்ல, முறுக்கு உடையற சத்தம். மேல் முனையில கொம்புக் குதை பிளந்திருந்தது. அதுக்குக் கீழே மரத்துல மயிரிழை மாதிரி ஒரு கீறல், ஒரு விரல்கடை நீளம்.

வீட்டுக்கு வந்து என்ன சொல்லலாம்னு ஒத்திகை பார்த்தேன். மாடிப்படியில தவறி விழுந்துடுச்சு. கார் கதவுல மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரம்மா தோசை ஊத்திக்கிட்டே கேட்டுட்டு இருந்தாங்க. "ஏங்க, அவர் அதைச் செஞ்சவரு. எப்படி உடைஞ்சதுன்னு பார்த்தா தெரியாதா அவருக்கு?" அதோட தோசையைத் திருப்பிப் போட்டுட்டாங்க. எனக்குத்தான் தொண்டையில இறங்கல.

அன்னிக்குச் சாயங்காலமே போனேன். அவர் வில்லை வாங்கிக் கட்டைவிரலால அந்தக் கீறலை ஒரு தடவை தடவினார். திட்டுவார்னு நெனச்சேன். "அம்பைக் குடு"ன்னார். குடுத்தேன். உள்ளங்கையில வெச்சு ரெண்டு தடவை தூக்கிப் பார்த்தார். தராசெல்லாம் இல்ல. "இதை நீ விடல. கிட்டத்தட்ட வெறும் வில்லைத்தான் விட்டிருக்கே."

நான் கதை விட வேண்டிய அவசியமே வரல.

அவர் சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல சொல்றேன். இழுத்துப் பிடிச்ச வில்லுல சக்தி சேர்ந்து நிக்குது. நாணை விட்டதும் அந்தச் சக்தி ரெண்டு பங்காப் பிரியுது. ஒண்ணு அம்புக்கு. இன்னொண்ணு வில்லோட கைகளையும் நாணையும் நகர்த்தறதுக்கு. அந்த ரெண்டாவது பங்குதான் கடைசியில வில்லையே போட்டு உலுக்கும். வில்லோட நகர்ற பாகம் 20 கிராமுக்குச் சமம்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 23 கிராம் அம்பு போட்டா, சேர்ந்த சக்தியில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் அம்போட போகும், மீதி 47 சதவீதம் வில்லுல. அம்பை 46 கிராம் ஆக்கினா வில்லுல நிக்கறது 30 சதவீதம்தான். எடை ரெண்டு மடங்கு ஆனா வேகம் பாதியாகிடுமான்னா, ஆகாது. அஞ்சுல ஒரு பங்குதான் குறையும். அம்பே இல்லாம நாணை விட்டா? நூத்துக்கு நூறும் வில்லுக்கே. அதனாலதான் எந்த ஊர் வில்லாளியும் வெறும் நாணை விட விடமாட்டான். முனை தெறிச்சு முகத்துல அடிக்கவும் செய்யும். எனக்கு அன்னிக்குக் கண்ணு தப்பினது யாரு செஞ்ச புண்ணியமோ.

கனத்தை விட மோசம், அந்த அம்போட விறைப்பு. நெடுவில்லுல அம்பு நடுவுல போறதில்ல. பிடிக்குப் பக்கவாட்டுல வளைஞ்சு சுத்திக்கிட்டுப் போகணும். 40 பவுண்டுக்குச் செஞ்ச மெலிசு அம்பை 70 பவுண்டு தள்ளினா அது பாம்பு மாதிரி நெளியும். வலது பக்கமா ஒதுங்கினது அதனாலதான். எங்கயாவது ஒரு பழைய விரிசல் இருந்திருந்தா பாதியில முறிஞ்சு, பின்பாதி என் இடது கைக்குள்ள புகுந்திருக்கும்.

பெரியவர் வில்லை வெட்டினார். வேற வழியில்ல. கீறல் போற அளவுக்கு மேல் முனையில ஒன்றரை அங்குலம், சமனுக்குக் கீழேயும் ஒன்றரை. புதுக் கொம்பு வெச்சார். கட்டையானதும் வில் இன்னும் முரடாச்சு. அளந்தா 74 பவுண்டு. "இப்ப இன்னும் கனமான அம்பு வேணும்"னு சொல்லிச் சிரிச்சார். சம்பவத்துக்கு அப்புறம் அவர் சிரிச்சது அப்பதான் முதல் தடவை.

நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சனிக்கிழமை ஆனா அவர் வீட்டுக் கொட்டகை. ஆஷ் மரத்துல 3/8 அங்குலத் தண்டு 24 வாங்கினோம். 5/16-க்கும் 3/8-க்கும் கண்ணால பார்த்தா பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஒரே மரத்துல தடிமன் 1.2 மடங்கு ஆனா எடை 1.44 மடங்கு, விறைப்பு ரெண்டு மடங்குக்கு மேல. விறைப்பு தடிமனோட நாலாம் அடுக்குல ஏறும். அதனால முரட்டு வில்லுக்கு விறைப்பான அம்பைத் தேடிப் போனாலே கனம் தானா வந்து சேர்ந்துடுது.

ஆனா மரம் ஃபாக்டரி சாமான் இல்லையே. ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே கடை. ஒண்ணு 33 கிராம், இன்னொண்ணு 41. விறைப்பு பார்க்க 26 அங்குல இடைவெளியில ரெண்டு ஆணி அடிச்சு, தண்டை அதுமேல வெச்சு, நடுவுல 2 பவுண்டு தொங்கவிடணும். எத்தனை அங்குலம் தொய்யுதோ அதால 26-ஐ வகுத்தா விறைப்பு எண். 0.4 அங்குலம் தொய்ஞ்சா 65. அவர்கிட்ட இருந்த எடைக்கல்லு தொலைஞ்சு போச்சு. நான் வீட்லேர்ந்து துணிப்பையில 907 கிராம் துவரம்பருப்பை நிறுத்துக் கொண்டு போனேன். குளிர்காலம் முழுக்க அந்தப் பருப்புதான் எங்க எடைக்கல். (மார்ச்ல சாம்பார் ஆச்சு.)

ரேகை பார்த்துக் கழிச்சது தனி. மரத்தோட நார் தண்டோட நீளத்துக்கே ஓடணும். குறுக்கால ஓடி வெளிய வந்தா, அங்கதான் முறியும். நாண் உக்கார்ற குதையை ஆண்டு வளையத்துக்குக் குறுக்கா வெட்டணும். இல்லேன்னா நாணே அம்பை ரெண்டாப் பிளந்துடும். இதெல்லாம் போக, எடையும் விறைப்பும் ஒத்துப்போனது 24-ல 9. மீதி 15-ஐ என்ன செய்யறதுன்னு கேட்டேன். "தக்காளிச் செடிக்கு நட்டுக்கோ."

தண்டு 37 கிராம், முனை 8, வாத்திறகும் நூலும் பசையும் 3. மொத்தம் 48 கிராம், 740 கிரெய்ன். பவுண்டுக்கு 10.

நடுவுல ஒரு நாள் போர்ட்ஸ்மவுத் கூட்டிக்கிட்டுப் போனார், மேரி ரோஸ் பார்க்க. எட்டாம் ஹென்றியோட போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்னிக்கு முழுகி, 1982-ல மேல எடுத்தாங்க. 172 வில்லும் 3500-க்கு மேல அம்பும் கிடைச்சது. அந்த வில்லெல்லாம் 100-லேர்ந்து 185 பவுண்டு வரைக்கும் இருக்கும்னு மதிப்பிட்டிருக்காங்க. என் 74 அங்க சின்னப் பையன் வில். கண்ணாடிக்குப் பின்னால அம்புகளைப் பார்த்தேன். ஒவ்வொண்ணும் என் சுண்டுவிரல் தடி.

அதே 1545-ல ரோஜர் ஆஸ்கம்ங்கறவர் வில்வித்தை பத்தி டாக்சோஃபிலஸ்னு ஒரு புத்தகம் போட்டார். போருக்கான அம்பை நல்ல ஆஷ் மரத்துல செய்யாம இப்ப ஆஸ்பன்ல செய்யறாங்களேன்னு அதுல ஒரே புலம்பல். ஆஸ்பன் பாப்லர் வகை. கப்பல்ல கிடைச்ச அம்புல பெரும்பாலானது பாப்லர்! மனுஷன் பொய் சொல்லல.

கனம் போட்டா தூரம் போகாதேன்னு வர்ற வழியில கேட்டேன். அவர் சொன்ன கணக்கு, ஸ்ட்ரிக்லேண்டும் ஹார்டியும் 2005-ல எழுதின புத்தகத்துல இருக்கறது. மேரி ரோஸ் மாதிரி செஞ்ச 150 பவுண்டு வில்லுல 53.6 கிராம் அம்பு 328 மீட்டர் போச்சு. 95.9 கிராம் அம்பு சுமார் 250 மீட்டர். எடை எண்பது சதவீதம் கூடியும் தூரம் காலே பங்குதான் குறைஞ்சது. வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன். அந்தக் கனமான அம்பு பவுண்டுக்கு 9.9 கிரெய்ன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. அதே மைதானம், அதே கொடி. பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு எனக்குப் பின்னால உக்காந்துக்கிட்டார், மைதானத்துக்கு முதுகைக் காட்டி. "பார்க்கலையா?"ன்னேன். "கேக்கணும்"னார்.

விட்டேன். "தும்". அவ்ளோதான். கையில உதறலே இல்ல. அம்பு அவசரமே இல்லாம ஏறி, கொடிக்கு ரெண்டு கஜம் முன்னால இறங்கிச்சு. அக்டோபர்ல போன தூரம் இல்ல. அடுத்த எட்டும் அதே சத்தம்.

பொறுக்கப் போனப்ப அவரும் கூடவே நடந்து வந்தார். ஒவ்வொண்ணும் தரையில ஒரு ஜாண் இறங்கியிருந்தது. குனிஞ்சு, நல்ல கையால ஒண்ணைப் பிடுங்கி, மண்ணைத் துடைச்சு, வளைச்சுப் பார்த்து, காதுகிட்ட வெச்சு விரலால தட்டினார். அப்புறம் அதை என்கிட்டக் குடுக்காம தன் காருக்குள்ள கொண்டுபோய் வெச்சுக்கிட்டார். ஏன்னு நான் கேக்கல.

செட்ல இப்ப எட்டுதான் இருக்கு.