வளரும் பிள்ளைக்கு வாங்கிய வண்டி

பெருநாளுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் பொழுது, "வளரும் பிள்ளை, இரண்டு விரற்கடை கூட்டித் தையுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்லாத வீடு நம்மிடையே உண்டா? நாமும் அப்படியே வளர்ந்தோம். தந்தையாரின் 24 அங்குல மிதிவண்டியில், தண்டுக்கு அடியே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துத்தான் ஓட்டவும் பழகினோம்.

ஆகவே, தங்கை மகனுக்கு மலைவண்டி வாங்கக் கள்ளக்குறிச்சிக் கடைக்குச் சென்றபொழுது, கடைக்காரர் எடுத்து வைத்த 15 அங்குல பிரேமை ஒதுக்கி, 18 அங்குலத்தையே கேட்டு வாங்கினோம். "கால் எட்டவில்லையே மாமா" என்றான் பிள்ளை. "வளர்ந்தால் எட்டும்" என்றோம். மாமன் சொல்லுக்கு மறுசொல் சொல்லும் பிள்ளையல்லன் அவன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். தோழர்களுடன் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை வரை சென்று திரும்பியிருக்கிறான். இறக்கத்தில், ஒரு வளைவில், ஆடுகள் குறுக்கிட்டன. பிரேக்கைப் பிடித்து நின்றவன் தரையில் காலூன்ற முயன்றிருக்கிறான், கால் எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்ததில் மணிக்கட்டு எலும்பு விண்டுவிட்டது. மாவுக்கட்டுடன் வந்த மகனைப் பார்த்த தங்கை நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டியைச் சீர்செய்யக் கொண்டு சென்றோம். பழுது பார்க்கும் முதியவர் வண்டியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், செருப்பை மட்டும் அளவு பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்?" என்றார். நமக்கு விடையில்லை. அன்று அந்தக் கடைத் திண்ணையில் நாம் மாணவரானோம்.

வண்டியின் மேல் கால்களை அகற்றி நின்றால், மேல்தண்டுக்கும் உடலுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது வெளி வேண்டுமாம். சமதரையில் ஓடும் வண்டிக்கு இது குறைந்தாலும் தாழ்வில்லை. சரிவில் எந்த நொடியிலும் காலூன்ற நேரும். மலைவண்டி பிறந்த கதையும் சரிவின் கதைதான். 1970களில் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதி இளைஞர்கள் பழைய கனத்த வண்டிகளை மலைச்சரிவில் ஓட்டி இறங்கினர். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே பிரேம் செய்தார்.

அடுத்து இருக்கையின் உயரம். பெடல் கீழே இருக்கும்பொழுது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நிமிர வேண்டும்; பிறகு முன்பாதத்தால் மிதித்தால் சற்றே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். உயர்ந்தால் பின்புறம் நோவதோடு இடுப்பும் இருபுறம் ஆடும். பெடல்கள் இரண்டையும் கிடைமட்டமாக நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலை முன்முழங்காலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார் பெரியவர். நூல் பெடலின் அச்சுக்கு நேரே விழவேண்டுமாம். "இது தொடக்கக் கணக்கு, மிச்சத்தை உடம்பு சொல்லும்" என்றார். இறக்கத்திலோ இருக்கையைத் தாழ்த்தி, உடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். பிரேக் பிடியிலுள்ள சின்னஞ்சிறு திருகைத் திருப்பினால் பிடி விரலருகே வருகிறது. பிள்ளையின் விரல் இத்தனை நாளும் நுனியாலேயே அதைத் தொட்டிருக்கிறது என்பதை அப்பொழுதுதான் கண்டோம்.

அறபியில் மிதிவண்டிக்கு 'தர்ராஜா' என்று பெயர். 'தரஜா', அதாவது படி, என்ற சொல்லோடு வேரால் உறவுடையது. எத்தனையோ ஆண்டு இதை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். படிகளைத் தாண்டிக் குதிக்கச் சொன்னதும் நாமே.

எல்லாத் திருகையும் திருகிப் பார்த்த பின் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிரேமைக் குறுக்க எந்தத் திருகும் இல்லை. 15 அங்குல வண்டியை வாங்கினோம். கட்டுப் பிரித்த பின், இம்முறை மேல்தண்டின் இருபுறமும் கால் பாவ நின்று, "எட்டுகிறது மாமா" என்றான் பிள்ளை.

பெரிய வண்டி நம் வீட்டில் நிற்கிறது. நம் கால் அளவுக்கு அது பொருந்திவிட்டது. ஃபஜ்ருக்குப் பின் மத்ரஸாவுக்கு அதில்தான் செல்கிறோம். சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றனர்.