பெயர்களை எழுதி வைப்போம்

சின்ன வயதில் எனக்குச் சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் "காப்பிலி" என்று கேலி செய்வார்கள். அழுதுகொண்டு கப்பல்துறைக்குத் திரும்புவேன். அது ஒரு மக்களைக் குறிக்கும் பெயர் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சந்ததியினர் எங்கள் திருகோணமலையிலும் புத்தளம் சிறாம்பியடியிலும் வாழ்ந்து வருகிறார்கள். சிறாம்பியடியில் பாடப்படும் மாஞ்சா பாட்டுகளில் போர்த்துக்கேயம் கலந்த பழைய மொழி இன்னும் இருக்கிறது. பாட்டு தப்பிவிட்டது. ஆனால் முதன்முதலாகக் கப்பலில் வந்த அந்தப் பாட்டியின் பெயர் என்ன?

பெயர் எழுதப்பட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி உண்டு. 1838 இல் ஜோர்ஜ்டவுன் கல்லூரியை நடத்திய யேசு சபைத் துறவிகள் 272 கறுப்பின மக்களை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. ஆடுமாடு விற்பதுபோல எழுதிய அந்த ஒப்பந்தத்தில் மனிதர்களின் பெயர்களும் வயதும் இருந்தன. கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே பின்னாளில் சந்ததியினரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2017 இல் பல்கலைக்கழகம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. விற்பனையை நடத்திய தலைவரின் பெயரில் இருந்த கட்டடத்துக்குப் பட்டியலின் முதற் பெயரான ஐசாக்கின் பெயர் சூட்டப்பட்டது.

விற்றவன் எழுதிய பட்டியலே 179 வருடங்களுக்குப் பிறகு இவ்வளவு செய்ததென்றால், அன்போடு நாம் எழுதும் பட்டியல் என்னதான் செய்யாது?

யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியும் போயிற்று. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், கலியாணப் படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. இன்று அம்மம்மாவின் தாயாருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் ஆளில்லை.

அதனால் போன மாதம் ஒரு கொப்பி வாங்கினேன். இருப்பவர்கள், இறந்தவர்கள், காணாமற்போனவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதினேன். பிறந்த ஊர், வருடம், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் யார் என்பதையும் சேர்த்தேன். இன்னொரு பிரதி எழுதித் தங்கச்சி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளி வைக்காதீர்கள்.