கூடுதல் வெளிச்சம்

400 ஏ.எஸ்.ஏ. பிலிமை 100 என்று நினைத்து எடுத்துவிட்டது அவருக்கு டெல்லி திரும்பிய பிறகே உறைத்தது. இரண்டு ஸ்டாப் அதிக ஒளி. சுருளில் இருந்தவையோ அப்பாவின் கடைசிப் படங்கள்.

டெவலப்பரில் வைக்கும் நேரத்தைக் கால் பங்கு குறைத்தார். அப்படியும் நெகடிவ் கறுத்தே வந்தது. அதை மெலியவைக்க 1883-ல் ஹோவர்ட் ஃபார்மர் சொன்ன கலவை உண்டு: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும். வெள்ளியைக் கரைக்கும். ஆனால் நிழல் பகுதிகளைத்தான் அது முதலில் அரிக்கும், கரைந்தது திரும்பாது. அப்பாவின் கண்கள் நிழலில் இருந்தன.

பாட்டிலை மூடி வைத்தார். ஒளி படாத பிலிமை எந்த மருந்தும் காப்பாற்றாது. அதிகம் பட்டதற்குப் பொறுமை போதும். என்லார்ஜரில் 10 விநாடிக்குப் பதில் 40 விநாடி. தட்டில் மிதந்த வெள்ளைத்தாளில் முதலில் தெரிந்தவை அந்தக் கண்கள்.